மறுமொழி: சூப்பர் கெபாசிட்டர் – மீமின்தேக்கியா, மின்னணையா?

குழுவினருக்கு வணக்கம்.

மன்னார்குடி ஆசிரியரின் பிள்ளைகள் கரியையும் உப்புக் கரைசலையும் வைத்து சூப்பர் கெபாசிட்டர், அதாவது மிகப் பெரிய கொள்ளளவுள்ள மின்தேக்கி, செய்திருக்கிறார்கள். அவர் கேட்டது கண்காட்சிப் பலகையில் அதற்கு எழுத ஒரு தமிழ்ச் சொல். மடல் இழை நீண்டு கல்லணை வரை போய்விட்டது. போகட்டும், நல்லதுதான். என் பங்குக்கு ஒவ்வொன்றாக.

> பேசாமல் "மீமின்தேக்கி" என்று வைத்துவிடலாம். மீக்கடத்தி என்று பாடநூலிலேயே இருக்கிறதே.

இருக்கிறது ஐயா. ஆனால் மீக்கடத்தியில் (சூப்பர் கண்டக்டரில்) மின்தடை சுழியாகவே போய்விடுகிறது. அங்கே "மீ" தன் கூலிக்கு வேலை செய்கிறது. இங்கே அப்படி எதுவும் அற்றுப்போவதில்லை, ஒரு அளவு மட்டும் மிகப் பெரிதாகிறது. அதுவும் எந்த அளவு? "மீமின்" என்று சேர்த்துப் படித்தால் ஏதோ ஹை டென்ஷன் சாமான் போல இருக்கிறது. நிலைமை நேர்மாறு. வீட்டு மின்விசிறியின் கண்டன்சரில் (அதுவும் மின்தேக்கிதான்) 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபாரட் என்பது கொள்ளளவின் அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒன்று. பிள்ளைகள் செய்த கலம் 10 ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், அது விசிறிக் கண்டன்சரைப் போல 40 லட்சம் மடங்கு. தாங்குவதோ ஒரு வோல்ட். உப்புக் கரைசலை மின்பகுளியாக (தகடுகளுக்கு இடையே மின்னைக் கடத்தும் திரவமாக) ஊற்றினால், 1.23 வோல்ட்டுக்கு மேல் தண்ணீரே பிரியத் தொடங்கிவிடும் என்பதால் அந்தப் பக்கம் போக முடியாது. கடையில் விற்பதும், கரிம மின்பகுளி போட்டிருந்தாலும், பெரும்பாலும் 2.7 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. மிகுதி கொள்ளளவில்தான், மின்னழுத்தத்தில் (வோல்ட்டில்) பஞ்சம். எனவே "மீ" ஒட்ட வேண்டியது தேக்கியோடு, மின்னோடு இல்லை. மீத்தேக்கி என்றால் எனக்குச் சம்மதம்.

(சூப்பர் என்பதே 1970களில் ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனம் சரக்கு விற்க வைத்த பெயர். அதன் பெருமையைத் தமிழில் எடை குறையாமல் கொண்டுவர வேண்டும் என்று நமக்கு ஒரு கடனும் இல்லை.)

> டெல்டாக்காரர்கள் நாம். "மின்னணை" என்று வைத்தால் நம் மண்ணின் சொல்லாக இருக்குமே.

ஆசை புரிகிறது, ஆனால் காது ஒத்துக்கொள்ளாது. மின்னணு, மின்னணுவியல் என்று ஏற்கெனவே ஒரு குடும்பம் அங்கே குடியிருக்கிறது. மின்னணை என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் மின்னணு என்றே எழுதுவார்கள். இன்னொன்று, நம் ஊர் அணை தேக்குவதற்கே கட்டியது என்று சொல்ல முடியாது. கல்லணை தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிடுகிற அணை. தேக்குகிற வேலை மேட்டூருக்கு.

> ஈரடுக்கு மின்தேக்கி என்றால் இயங்கும் விதமே பெயரில் வந்துவிடுகிறது.

வருகிறது, பாதி. மின்முனையின் பரப்பை ஒட்டி எதிரெதிர் மின்னூட்டங்கள் இரண்டு அடுக்காக நிற்பதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே விளக்கிவிட்டார். இடைவெளி நானோமீட்டர் அளவு. பரப்போ, ஒரு கிராம் கிளர்வூட்டிய கரிக்குள் 1000 சதுர மீட்டருக்கு மேல். நம் கணக்கில் ஒரு மா நிலம் சுமார் 1350 சதுர மீட்டர். நல்ல கரியில் கிராமுக்கு அந்த அளவு தேறும். இடைவெளி சுருங்கி, பரப்பு விரிந்தால் ஃபாரட் எகிறாமல் என்ன செய்யும்! பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கொட்டாங்கச்சிக் கரிக்குப் பஞ்சமில்லை என்றாலும் சுட்டெடுத்த கரி அப்படியே உதவாது. சூடான நீராவியிலோ வேதிப்பொருளிலோ நுண்துளை திறந்த கரி வேண்டும். அந்த வேலையைப் பள்ளியில் செய்யாமல், தண்ணீர் வடிகட்டிக்கு விற்கிற கரியை வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

சொல்லுக்கு வருகிறேன். பலகையில் "ஈரடுக்கு" என்று பார்க்கிறவர், கலத்தில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு கரித் தகடுகளைத்தான் அந்த இரண்டு அடுக்கு என்று நினைப்பார். உண்மையில் தகட்டுக்குத் தகடு ஓர் ஈரடுக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, ருதேனியம் ஆக்சைடு போன்றவை பரப்பில் வேதிவினையும் நடத்தித் தேக்குகின்றன. அவற்றால் செய்ததையும் சூப்பர் கெபாசிட்டர் என்றுதான் அழைக்கிறார்கள். எனவே ஈரடுக்கு மீத்தேக்கி என்பது ஒரு வகைக்குப் பெயராக இருக்கட்டும், இனத்துக்கு வேண்டாம்.

யாழ்ப்பாண நண்பர் போகிறபோக்கில் சொன்ன "மீக்கொள்ளளவி"யை யாரும் கவனிக்கவில்லை. பொருள் அதில்தான் அச்சாகப் பொருந்துகிறது. மிகுந்திருப்பது கொள்ளளவு என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் இங்கே பாடநூல் மின்தேக்கி என்று பழக்கிவிட்டதால் பலகையில் மீத்தேக்கி என்றும், பக்கத்திலேயே மீக்கொள்ளளவி என்றும் போடலாம். இரண்டு கரைக்கும் புரியும்.

இனி நான் எழுத வந்த விஷயம். பொருளுக்குப் பெயர் தேடி இத்தனை மடல் போட்டுவிட்டோம், பலகை முன்னால் நிற்கிறவர் கேட்கப்போகிற கேள்விக்குச் சொல் தேடவில்லை. "சார்ஜ் இருக்குன்னு மீட்டர் காட்டுது, லைட் ஏன் அணைஞ்சு போச்சு?" இதைத்தான் கேட்பார்கள்.

பேட்டரி ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் கொடுத்துக்கொண்டே வந்து கடைசியில் விழும். மீத்தேக்கியில் எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், ஏரியில் நீர்மட்டம் இறங்குவதைப் போல. மதகு மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் ஏரியில் இருந்தும் வாய்க்காலுக்கு வராது. அந்த மிச்சத்துக்குத்தான் சொல் வேண்டும். "அடித்தேக்கம்" என்று முன்வைக்கிறேன்.

கணக்கோடு பாருங்கள். 10 ஃபாரட், 1 வோல்ட் கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 3.3 ஃபாரட், 3 வோல்ட். உள்ளே இருப்பது 15 ஜூல். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே மங்கிவிடும் என்று கொண்டால், அப்போது உள்ளே 6.7 ஜூல் நிற்கும். போட்டதில் 44 சதவீதம் அடித்தேக்கம்! இடையில் ஓர் அழுத்த ஏற்றியை (குறைந்த வோல்ட்டை எல்.இ.டி.க்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தும் சுற்றை) வைத்து 0.6 வோல்ட் வரை எடுக்க முடிந்தால் அது 4 சதவீதமாகக் குறையும், ஏற்றி தானே தின்பது தனி. ஏற்றம் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கலாம், கீழே கிடப்பதை மேலே இறைப்பதுதானே. ஆனால் மின்னேற்றம் என்பது சார்ஜ் செய்வதற்குப் போய்விட்டது. இந்த ஏற்றியை ஒற்றை டிரான்சிஸ்டரில் கட்டுகிற "ஜூல் தீஃப்" சுற்றுக்குச் சொல் தேட வேண்டாம், பிள்ளைகள் ஜூல் திருடன் என்று வைத்துவிட்டார்களாம். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் தானாக இறங்குவதற்குத் தன்னிறக்கம் என்ற சொல் போதும். வீட்டில் செய்த கலத்தில் இது அதிகம் என்பதால், மேசையில் வைத்து ஏற்றிக் காட்டி உடனே எரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆசிரியருக்கு இரண்டு செய்தி, சொல் சம்பந்தப்படாதவை. தொடரில் கலங்கள் ஒத்த அளவில் இல்லாவிட்டால், சிறியது தன் ஒரு வோல்ட்டைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பாருங்கள். சமையல் உப்பு ஊற்றியிருந்தால் அழுத்தம் கூடும்போது நேர்முனையில் குளோரின் வரும், மூடிய அறையில் வேண்டாம். சோடியம் சல்பேட் கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கலத்துக்குள்ளேயே இருக்கிற மின்தடைக்கு உள்தடை, அகத்தடை என்று இன்னொரு கிளை இழை ஓடுவதைப் பார்த்தேன். பாடநூலில் அகமின்தடை இருக்கிறது, அதையே எழுதிவிடலாம்.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து