மறு: டோக்கனைக் கேஷ் (cache) பண்ணுவதற்குத் தமிழ் (திங்கள் அச்சுக்குப் போகிறது)

ஹட்டன், கணினி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் சேவை கேட்கும் வழி) பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். பிள்ளைகளின் நிரல் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக டோக்கன் (உள்ளே விடச் சொல்லும் அனுமதிக் குறி) வாங்குகிறது. கொஞ்ச நேரத்தில் சேவையகம் 429, அதாவது அளவுக்கு மீறிக் கேட்கிறாய், என்று திருப்பி விடுகிறது. வாங்கியதை வைத்திருந்து, காலாவதியாகும்வரை அதையே காட்டு, அதாவது கேஷ் பண்ணு, என்பதுதான் பாடம். பாடநூலில் ‘பதுக்கு நினைவகம்’ இருப்பதால் ‘வில்லைப் பதுக்கல்’ என்று பலகையில் எழுதினேன். “டீச்சர், குவிவில்லையா குழிவில்லையா?” என்றான் ஒருவன். திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் தாருங்கள்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பையன் கேட்டது நியாயம். நம் விஞ்ஞானப் புத்தகத்தில் வில்லை என்றால் கண்ணாடி. டோக்கனை வில்லை என்பது தமிழகத்து வழக்கு, அங்கேயே இருக்கட்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் பண்டங்களின்மேல் ‘புலி பொறித்து’ வெளியே அனுப்புகிறார்கள். சோதித்தாயிற்று என்பதற்கு அரசனின் அடையாளம். இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா? ‘பொறி’ என்றே வையுங்கள். பொள்ளுதல், பொளிதல் எல்லாம் குடைவதையும் கொத்துவதையும் சொல்பவை. பொறியும் அந்தக் குடும்பம் என்பது என் துணிபு. பொறை, பொறுப்பு பற்றித் தனியே எழுதுகிறேன்.

கண்டி, மென்பொருள் வேலை:

> ‘பொறி’ என்றே வையுங்கள்

ஐயா, எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி, போதாததற்குப் பொறியியல். ஏற்கனவே நெரிசல். அதோடு, புலிச்சின்னம் பொருந்துவது ஜேடபிள்யூடி என்கிற, கொடுத்தவரின் கையொப்பம் உள்ளேயே இருக்கும் டோக்கன் வகைக்கு. 2012இல் வந்த ஓஆத் 2.0 என்ற அனுமதி வழங்கும் தரப்படி, டோக்கனுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிற நிரல் பார்க்கவே வேண்டியதில்லை. பெரும்பாலும் புழங்குவது ‘பேரர்’ வகை: கையில் வைத்திருப்பவருக்கே கதவு திறக்கும், அவர் யார் என்ற கேள்வி கிடையாது. அனுமன் கொண்டுபோன கணையாழி என்று யாராவது தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், கணையாழிக்குக் காலாவதி இல்லை.

டீச்சர், கையேட்டில் ஒன்று சேருங்கள். ஆய்வுகூடத்தில் ஒரே கணினியில் பலர் வேலை செய்தால் டோக்கனைப் பயனர்வாரியாக, அனுமதிவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் டோக்கனில் இன்னொரு பிள்ளை உள்ளே போய்விடும். சொல் எதுவானாலும் இது விடுபடக் கூடாது.

ஹப்புத்தளை, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கு மென்பொருள்:

நம்மிடம் ஏற்கனவே ‘துண்டு’ இருக்கிறதே. ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு, மாத முடிவில் சம்பளத் துண்டு. தோட்டத்து லயவீட்டில் இருக்கிற பாட்டிக்கும் புரியும். ‘அனுமதித் துண்டு’ என்றால் போதும்.

தலவாக்கலை, வரலாற்று ஆசிரியர்:

துண்டு மட்டும் வேண்டாம். அந்தக் காலத்தில், தொழிலாளியின் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த தாளுக்குப் பெயர் துண்டு. கடனோடு சேர்த்து ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றிய தாள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். துரைமார் ஆங்கிலத்தில் எழுதும்போதுகூட மொழிபெயர்க்காமல் ‘துண்டு’ என்றே எழுதினார்கள். அதை நம் பிள்ளைகளின் கையேட்டில் நானாகப் போடமாட்டேன்.

பதுக்கலும் அப்படித்தான். 1973, 74இல் பட்டினி கிடந்த தோட்டத்துத் தலைமுறைக்குப் பதுக்கல் என்றால் கடைக்காரன் பின்னறையில் ஒளித்த மாவு.

ஹப்புத்தளை:

அண்ணே, சட்டம் அந்தத் தாளைத்தான் ஒழித்தது, சொல்லை இல்லை. நேற்றும் கிளினிக்கில் “துண்டு எடுத்தீங்களா?” என்றுதான் கேட்டார்கள். தவிர, முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்து ஆளை விடுவது, பிடிப்பது, இதெல்லாம் பேரர் டோக்கன் செய்கிற வேலையேதான். திருட்டுப் போனால் என்ன ஆகும் என்று விளக்க உங்கள் வரலாற்றுப் பாடமும் உதவும்.

பண்டாரவளை:

பதுக்கலை விட மனமில்லை. கேஷ் என்பதே ஒளித்துவை என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பதுங்கு, பதுக்கு, பதுக்கை என்று நமக்கு ஒரு வரிசையே இருக்கிறது. பாலை வழியில் இறந்தவரை மூடிய கற்குவியல் பதுக்கை...

கண்டி:

ஐயா, செத்தவர் மேல் கல்லை அடுக்கிய சொல் ஒரு மணித்தியாலம் உயிரோடிருக்கும் டோக்கனுக்கா? ‘தேக்கல்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் கிடக்கும், டோக்கன் கிடக்காது. முடிவு நேரத்துக்குச் சற்று முன்பே புதிது வாங்க வேண்டும். அப்படியும் 401 (அனுமதி செல்லாது) வந்தால் இருப்பதை எறிந்துவிட்டு ஒரே ஒரு தடவை மறுபடி கேட்க வேண்டும். என் வாக்கு ‘கையிருப்பு’. கடைக்கணக்குச் சொல், பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்ப்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

தலவாக்கலை:

கையிருப்பு நல்லது. டோக்கனுக்கு ‘அணுகுசீட்டு’.

பண்டாரவளை:

சீட்டு தமிழா, வடக்கே வழங்கும் சிட்டியா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை.

ஹட்டன்:

ஐயா, அச்சகம் 4 மணிக்கு மூடிவிடும். ‘அணுகுசீட்டு’, ‘சீட்டைக் கையிருப்பில் வைத்தல்’ என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் களைத்துப் போனீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பதுக்கு நினைவகம் பரீட்சைத் தாளில் வரும் என்பதால் அடிக்குறிப்பில் இருக்கிறது.

ஹப்புத்தளை:

அச்சிடுங்கள் டீச்சர். எங்கள் ஆபிஸில் துண்டுதான்.

பண்டாரவளை:

என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், காலாவதியானதும் புதிது வாங்கக் காட்டும் ‘ரிஃப்ரெஷ் டோக்கன்’ என்று கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் வருகிறதே, அதற்கு என்ன போட்டீர்கள்?