மறைநீக்கம் ஆகிறது, கையொப்பம் மட்டும் உறுதியாகவில்லை: தண்டர்பேர்டில் உதவி தேவை

ஜூரோங் வாணி:
வணக்கம். எங்கள் கணக்கியல் அலுவலகத்துக்குக் கோயம்புத்தூர் மென்பொருளாளர் ஒருவர் கட்டண விவரங்களை ஓப்பன்பிஜிபி என்ற மின்னஞ்சல் பாதுகாப்பு முறையில் கையொப்பமிட்டு, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்புவது வழக்கம். இந்த மாதம் அவருடைய மின்னஞ்சல் தடையின்றித் திறக்கிறது. ஆனால் நான் பயன்படுத்தும் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட், மின்னிலக்கக் கையொப்பம் நிச்சயமற்றது என்றும் அதைச் சரிபார்க்க, அனுப்பியவர் பிறருக்குத் தரும் பொதுத் திறவுகோல் தேவை என்றும் சொல்கிறது. அந்தத் திறவுகோல் என்னிடம் ஏற்கெனவே உள்ளது. தொலைபேசியில், அதன் அடையாளக் குறியான ஃபிங்கர்பிரிண்ட்டின் 40 எழுத்துகளையும் ஒப்பிட்ட பிறகே அதை ஏற்றேன். மறைநீக்கம் ஆகிவிட்டதால் அவரே அனுப்பினார் என்று கொண்டு பணம் செலுத்தலாமா?

ஈசூன் நாதன்:
வாணி அவர்களுக்கு வணக்கம். பணத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். மறைநீக்கம் உங்களிடம் மட்டுமே இருக்கும் அந்தரங்கத் திறவுகோலால் நடப்பது. உங்கள் பொதுத் திறவுகோலை வைத்திருக்கும் எவரும் உங்களுக்கு மறையாக்கி எழுத முடியும் என்பதால், அனுப்பியவர் யார் என்பதற்கு அது சான்றாகாது. மடலின் மேற்பகுதியில் உள்ள ஓப்பன்பிஜிபி பொத்தானை அழுத்தினால் கையொப்பமிட்ட திறவுகோலின் அடையாள எண் தெரியும். அது உங்களிடம் உள்ள திறவுகோலுடன் பொருந்துகிறதா?

ஜூரோங் வாணி:
பொருந்தவில்லை, ஐயா. மறைநீக்கிய உரையைத் தனிக் கோப்பாகச் சேமித்து ஓப்பன்பிஜிபிக்கான தனி மென்பொருளான ஜிபிஜியில், கையொப்பத்தைச் சரிபார்க்கும் வெரிஃபை கட்டளையும் கொடுத்துப் பார்த்தேன். கையொப்பமே கிடைக்கவில்லை என்கிறது.

ஈசூன் நாதன்:
கையொப்பம் மறையாக்கத்துக்கு உள்ளே இருப்பதால், பிரித்தெடுத்த வெற்று உரையில் அது இராது. மறைநீக்காத மூலக் கோப்பை ஜிபிஜியின் மறைநீக்கும் டிக்ரிப்ட் கட்டளைக்குக் கொடுத்தால், இரண்டும் ஒரே பொதியாக இருக்கும் பட்சத்தில், கையொப்பமும் சேர்ந்தே சரிபார்க்கப்படும்.

அடையாள எண் மாறியதற்குப் பெரும்பாலும் காரணம், அவர் தன் முதன்மைத் திறவுகோலின் கீழ், கையொப்பத்துக்கென்று புதிய துணைத் திறவுகோல் உருவாக்கியிருப்பதே. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய பிரதி. புதுப்பித்த பொதுத் திறவுகோலைக் கேட்டு வாங்குங்கள். முதன்மைத் திறவுகோலின் 40 எழுத்துகளும் மாறாமல் இருந்தால், புதிய துணைத் திறவுகோலுக்கு முதன்மைத் திறவுகோலே சான்றளிப்பதால், முன்பு செய்த தொலைபேசிச் சரிபார்ப்பு இப்போதும் செல்லும். முதன்மையே புதியது என்றால், முன்பின் தெரியாதவராகவே கருதி, அந்த மடலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் பழைய நாளில் குறித்துவைத்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

ஜூரோங் வாணி:
புதுப்பித்த திறவுகோல் வந்தது. 40 எழுத்துகளும் அப்படியே உள்ளன. இறக்குமதி செய்து மடலை மீண்டும் திறந்தபோது கையொப்பம் சரியென்று காட்டியது. ஆனால் ஜிபிஜி மட்டும் இன்னும் பொதுத் திறவுகோல் இல்லை என்கிறதே?

ஈசூன் நாதன்:
தண்டர்பேர்ட் தனக்கென்று தனிச் சாவிக்கொத்து, அதாவது திறவுகோல் சேமிப்பு, வைத்திருக்கிறது. அதில் சேர்த்தது ஜிபிஜிக்குத் தெரியாது. அதே கோப்பை ஜிபிஜியிலும் ஒருமுறை இறக்குமதி செய்துவிடுங்கள்.