புளோவர் டோர் சோதனையில் 2.4 வந்திருக்கிறது: மின்தகடு கூட்டினால் ஈடாகுமா?

கேள்வி:
வணக்கம். கனடாவின் எட்மன்டனில் கட்டுப்படியாகும் செலவில் ஒரு நெட் ஜீரோ வீடு, அதாவது ஓராண்டில் தான் செலவழிக்கும் ஆற்றலைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் வீடு, கட்டி வருகிறோம். இரட்டைச் சட்டச் சுவரில் 12 அங்குலக் கனத்துக்குக் குளிர்காப்பாகச் செல்லுலோஸ் நிரப்பவிருக்கிறோம். அதற்கு முன், வெளிப்பலகை இணைப்புகளுக்கும் உட்கூரைப் பாலித்தீனுக்கும் டேப் ஒட்டி, வாசலில் விசிறியைப் பொருத்திக் காற்றுக்கசிவை அளக்கும் புளோவர் டோர் சோதனை செய்ததில், 50 பாஸ்கல் அழுத்தத்தில் வீட்டுக் காற்று மணிக்கு 2.4 முறை மாறுவதாகத் தெரிந்தது. எங்கள் இலக்கு 1.0. கசிவைத் தேடி நாட்களை வீணாக்குவதைவிட இரண்டு கிலோவாட் சூரிய மின்தகடுகளைக் கூட்டிவிடலாம் என்கிறார் கட்டுநர். அது சரியா?

மறுமொழி 1:
தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். ஒரு கிலோவாட் தகடு அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 கிலோவாட் மணி தரும். ஆண்டுக் கணக்கு அதனால் நேராகலாம். ஆனால் டிசம்பர் இறுதியில் பகல் ஏழரை மணி நேரம்தான். வெளியே மைனஸ் 30 ஆகும்போது வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்பின் திறனும் குறைந்துவிடும். அதைவிடப் பெரிய கவலை சுவரைப் பற்றியது. கனத்த சுவரில் வெளிப்பலகை கடுங்குளிராக இருப்பதால், கசிவு வழியாகச் செல்லும் ஈரக்காற்று அதன்மேல் உறைபனியாகப் படிந்து, வசந்தத்தில் உருகிப் பலகையை உளுக்கச் செய்யும். தகடுகளை அடுத்த ஆண்டும் வாங்கலாம், மூடிய சுவரைப் பிரிக்க முடியாது.

விசிறி காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, மாடித்தள உத்திரங்கள் வெளிச்சுவரில் முட்டும் இடங்கள், சன்னல் சட்டங்களின் ஓரம், பரணுக்கு ஏறும் திறப்பு ஆகியவற்றின் அருகே பிடியுங்கள். புகை எங்கே உங்கள் பக்கம் சாய்கிறதோ, அங்கே ஓட்டை இருக்கிறது.

மறுமொழி 2:
கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் அக்காலத்திலேயே 0.8ஐ எட்டியது, ஆகவே 1.0 எட்டாக்கனி அல்ல. அந்த வீட்டைப் போலவே, வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவியையும் கட்டாயம் பொருத்துங்கள். இறுக்கமான வீட்டில் அது இல்லாவிட்டால் சமையல் ஆவியும் குளியல் ஆவியும் சன்னலில் வழியும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ஊதுபத்தியோடு சுற்றினோம். வடக்குச் சுவரில் உத்திரங்களுக்கு இடையே புகை முகத்திலேயே அடித்தது. விரலை வைத்தால் ஊசி குத்துவதுபோல் குளிர்ந்தது. அங்கெல்லாம் நுரை வெட்டிப் பொருத்திச் சீலன்ட் பூசியபின் மறுசோதனையில் 1.2 வந்தது. பரண் திறப்புக்கு ரப்பர்ப் பட்டை ஒட்டி, சனிக்கிழமை மீண்டும் சோதிக்கிறோம். அதுவரை செல்லுலோஸ் நிரப்பவேண்டாம் என்று கட்டுநரிடம் சொல்லிவிட்டேன்.