டாக்டர் ஹூ ஒலிநாடகங்கள்: பஸ்ஸில் கேட்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மன்னை_வாசகன்:
டாக்டர் ஹூ, அதான் காலத்துல பயணம் போற ‘டாக்டர்’ங்கறவரைப் பத்தின பிரிட்டிஷ் டிவி தொடர், டாக்டரா நடிக்கறவர் அப்பப்போ மாறுவார். அதுல 2005-க்கு அப்புறம் வந்தது முழுசும் பார்த்தாச்சு. பழைய தொடரில் டாம் பேக்கர் டாக்டரா நடிச்ச காலம் மட்டும் கொஞ்சம் தெரியும். இப்போ பிக் ஃபினிஷ் கம்பெனியோட ஆடியோ நாடகங்களைக் கேக்கலாம்னு பார்த்தா நூத்துக்கணக்கில் கெடக்குது. முதல் நம்பர்லேர்ந்து வரிசையா வரணுமா? கேக்கப்போறது மன்னார்குடி–தஞ்சாவூர் பஸ்ஸில், போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆண்ட்ராய்டு போன், வயர் இயர்போன். வடுவூர் பக்கம் நெட் விட்டு விட்டுத்தான் வரும். பிரிட்டிஷ் இங்கிலீஷ் முகம் பார்க்காம புரியுமாங்கறதும் ஒரு கவலை.

வெண்ணாற்றங்கரை:
வரிசையாக வராதீர்கள். முதல் நாடகமான ‘தி சைரன்ஸ் ஆஃப் டைம்’ 1999 ஜூலையில் வந்தது. பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் என்று மூன்று டாக்டர்கள் அதில் உண்டு. அந்த மூவரின் குரலும் பழகாதவருக்கு யார் பேசுவது என்றே பிடிபடாது. அதில் தொடங்கி மாதாமாதம் வந்த வரிசை 2021 மார்ச்சில் 275 நாடகங்களோடு முடிந்துவிட்டது. 275-ஐயும் கேட்டு முடிப்பது வேண்டுதல் கணக்கு, யாருக்கும் அது கட்டாயமில்லை.

என் பரிந்துரை பால் மெக்கான், எட்டாவது டாக்டர். திரையில் அவருக்குக் கிடைத்தது 1996 டிவி படமும், 2013-இல் வந்த சில நிமிடக் குறும்படமும், அப்புறம் சிறு தலைகாட்டலும்தான். அவருடைய டாக்டர் வளர்ந்ததே ஒலியில். 2001 ஜனவரியில் வந்த ‘ஸ்டார்ம் வார்னிங்’ அவருக்கு முதல் ஒலிநாடகம் என்பதால் முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. கதை நடப்பது ஆர்101 ஆகாயக் கப்பலில். அது நிஜக் கப்பல். இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குக் கிளம்பி, 1930 அக்டோபர் 5 அதிகாலை பிரான்சில் விழுந்து எரிந்து 48 பேர் இறந்தார்கள். அதில் ஆண் வேடமிட்டுத் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி என்ற பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். வரலாற்றுப்படி அவள் செத்திருக்க வேண்டியவள். அந்த ஒரு முடிச்சுதான் 2002-இல் வந்த ‘நெவர்லாண்ட்’ வரை இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ வரும். ஒரு பழைய பங்களா, கிறிஸ்துமஸ் இரவு, வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ராபர்ட் ஷியர்மன் எழுதியது. இதைத் தவற விடாதீர்கள், ஆனால் ‘ஸ்டார்ம் வார்னிங்’ கேட்காமல் இதற்குள் போனால் முடிவின் பாதி கனம் போய்விடும்.

‘நெவர்லாண்ட்’ முடிந்ததும் ‘ஜாக்ரியஸ்’ கண்ணில் படும். 2003-இல் தொடரின் 40-ஆம் ஆண்டுக்காகச் செய்தது, மூன்று சிடி நீளம், பழைய நாடகங்களின் ஆட்கள் பலரும் வேறு வேறு வேடத்தில் வருவார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதில் சிக்கித்தான் மொத்தத்தையும் கைவிடுகிறார்கள். தள்ளி வையுங்கள்.

குடமுருட்டி:
வெண்ணாறு சொல்றது சரிதான், ஆனா அது தொடர்கதை. நடுவுல பத்து நாள் விட்டுப்போனா நூல் அறுந்துடும். பஸ்ஸுக்குத் தனிக்கதைதான் தோது. ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ எடுங்க, 2002, மார்க் பிளாட் எழுதினது. சைபர்மேன்கள் எப்படி உருவானாங்கங்கற கதை. எதிரிப்படை பூமியைப் பிடிக்க வர்ற கதை இல்ல இது. நிலத்துக்கடியில குளிர்ல சாகற ஒரு ஊரு, உயிர் பிழைக்கறதுக்காக உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிது. 2006 டிவி சைபர்மேன் கதையோட டைட்டில்ல பிளாட்டுக்கு நன்றி போட்டதே இதுக்காகத்தான்.

அப்புறம் ‘ஜூபிலி’, 2003. டாலெக்னா டாக்டரோட பழைய எதிரி, இயந்திரக் கூட்டுக்குள்ள இருக்கற உயிர். 2005-ல டிவியில் நீங்க பார்த்த ‘டாலெக்’ எபிசோடு இதுலேர்ந்து வந்ததுதான், ரெண்டுக்கும் எழுத்தாளர் அதே ஷியர்மன். ஆனா ஆடியோ ரொம்பக் கசப்பு, டிவிக்கு அதை வடிகட்டித்தான் எடுத்துக்கிட்டாங்க. இதுல டாக்டரா வர்ற காலின் பேக்கரை டிவியில 1986-ஓட கழட்டிவிட்டாங்க. மனுஷன் எவ்வளவு நல்ல நடிகர்னு தெரியணும்னா எவ்லின்ங்கற 55 வயசு வரலாற்றுப் பேராசிரியையோட அவர் வர்ற நாடகங்களைக் கேக்கணும்.

ஒலிப்பெட்டி:
கேட்கும் விதம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய நாடகங்கள் பெரும்பாலும் 25 நிமிடம் சுமாராக நான்கு பாகம். ஒரு பயணத்துக்கு இரண்டு பாகம் கச்சிதமாக அடங்கும். வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள். எம்பி3 எடுத்தால் ஜிப் கோப்பாக வரும். மொபைல் நெட்டில் பாதியில் அறுந்தால் திறக்காது, மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். எம்4பி எடுத்தால் ஒரே கோப்பு. ஆனால் சாதாரணப் பாட்டு பிளேயரில் போட்டால் விட்ட இடத்தை ஞாபகம் வைக்காது, அதற்கு ஆடியோபுக் பிளேயர் வேண்டும். அந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போனே அதை மூடிவிடும்.

கண்டக்டர் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று ஒரு காதில் மட்டும் மாட்டுவீர்கள். அங்கேதான் கோளாறு. இது ஸ்டீரியோ நாடகம், ஆளை இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்து நிறுத்தியிருப்பார்கள். ஒரு காது என்றால் ஒருத்தர் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை பகுதியில், இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ ஆடியோவைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கிசுகிசுப்பு. ரகசியம் பேசும் காட்சி பஸ் இன்ஜின் உறுமலில் அமுங்கும். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சி வெடிப்பில் காது போகும். கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில், சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் போடுங்கள், விகிதம் 3:1, வரம்பு மைனஸ் 20 டெசிபல் அளவில். பிறகு மொத்தச் சத்த அளவை உயர்த்தும் நார்மலைஸ், மைனஸ் 1 டெசிபல். பேச்சுக்கு 64 கிலோபிட் மோனோ போதும், இரண்டு மணி நேரம் 60 எம்பிக்குள் அடங்கும். மூலக்கோப்பை அழிக்காமல் பஸ்ஸுக்கென்று தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

டாலெக் குரல் புரியவில்லை என்றாலும் சத்தத்தைக் கூட்டாதீர்கள். நடிகர் நிக்கலஸ் பிரிக்ஸ் பேசுவதை, குரலை இயந்திரம் போல மாற்றும் ரிங் மாடுலேட்டர் வழியாக விட்டு எடுப்பது அது, டிவியிலும் அவர்தான். இயற்கையிலேயே கரகரப்பு, கூட்டக் கூட்ட இன்னும் குழம்பும். ஈக்வலைஸரில் பாஸைக் குறைத்து 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை லேசாக ஏற்றினால் சொல் தெளியும்.

மன்னை_வாசகன்:
மோனோ விஷயம் தெரியாம இருந்திருந்தா ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிருப்பேன், நன்றி சார். உச்சரிப்புக்கு என்ன பண்றது? பணம் எப்படிக் கட்டறது, யுபிஐ எடுக்குமா?

வெண்ணாற்றங்கரை:
உச்சரிப்புக்குக் குறுக்குவழி உண்டு. டிவியில் டாக்டராக வந்த டேவிட் டெனன்ட்டும் அவர் தோழி டோனாவாக வந்த கேதரின் டேட்டும் 2016-இல் மூன்று நாடகங்கள் செய்தார்கள்: ‘டெக்னோஃபோபியா’, ‘டைம் ரீவர்’, ‘டெத் அண்ட் த குயின்’. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு குரலும் உங்களுக்கு மனப்பாடம் என்பதால் மற்றவர்களை அடையாளம் காண்பது மட்டும்தான் வேலை. கதை சுமார்தான், காது பழகிவிடும். அதற்குப் பிறகு ‘ஸ்பேர் பார்ட்ஸ்’. குடமுருட்டி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பஸ்ஸுக்குத் தனிக்கதை முதலில். சார்லியை லீவு நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி:
யுபிஐ எல்லாம் எதிர்பார்க்காதீங்க தம்பி. விசா இல்லன்னா மாஸ்டர்கார்டு, அதுலயும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் நீங்களே திறந்துவிடணும். அணைச்சு வெச்சுதான் கார்டே வருது. பணம் கட்டி முடிச்சதும் திரும்ப அணைச்சிடுங்க. விலை பவுண்டில் இருக்கும், ரூபாயா மாத்தறப்போ பேங்க் மேல கொஞ்சம் போட்டுத்தான் எடுக்கும். ஒவ்வொண்ணா வாங்கினா ஒவ்வொரு தடவையும் கணக்குப் பார்க்கணும், தள்ளுபடி போடற அன்னிக்கு நாலஞ்சு சேர்த்து வாங்குங்க. சிடி வேண்டாம், தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தா நாடகத்தைவிட அதிகமாப் போயிடும்.

ஒண்ணு விட்டுப்போச்சு. சில நாடகங்களில் கடைசி டிராக் நடிகர் பேட்டியா இருக்கும், முடிவை அதுல போட்டு உடைச்சிடுவாங்க. பிளேயர்ல ஷஃபிள் அணைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு ஓட விடுங்க.