வாசிகசாலைக் கணினிகளுக்கான லினக்ஸ்: செயலிகளின் இடைமுகத் தரத்தை எப்படி வகுப்பது?

சுன்னாகத்தான்:
எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் பழைய கணினிகளுக்காக, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலையும் எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத்தளத்தையும் (சாளரங்களையும் பட்டிகளையும் தரும் மென்பொருள்) வைத்துச் சிறிய லினக்ஸ் வழங்கல் ஒன்றைத் தயாரிக்கிறோம். எந்தச் செயலியைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதில்தான் ஓயாத வாக்குவாதம். டெபியனின் கொள்கை ஆவணம் எந்தக் கோப்பு எங்கே போகவேண்டும், கையேட்டுப் பக்கம் வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. திரையில் தெரிவதைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. க்னோம் என்ற இன்னொரு மேசைத்தளத்தின் இடைமுக நெறிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கொக்குவில் ஆசிரியை:
வேண்டாம் தம்பி. க்னோமின் நெறிமுறை 2002 முதல் இருக்கிறது. கேடிஇ என்ற மேசைத்தளமும் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. இரண்டும் செயலியை எழுதுகிறவருக்கானவை. நீங்கள் தெரிந்தெடுக்கிறவர். உங்களுக்குத் தேவை, யார் சோதித்தாலும் ஒரே விடை வரும் விதிகள். ‘அழகாக இருக்கவேண்டும்’ என்று எழுதினால் வாக்குவாதம் அடுத்த வருடமும் நடக்கும்.

‘1366×768 திரையில் எந்த உரையாடல் பெட்டியின் அடிப்பகுதியும் மறையக்கூடாது’ என்று எழுதுங்கள். என் மாலை வகுப்பில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கடிதத்தைச் சேமிக்க முடியாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பொத்தான் திரைக்குக் கீழே போயிருந்தது. ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தை மேலே இழுக்கலாம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவருக்கு ஏன் தெரியவேண்டும்?

அடுத்தது தமிழ். செயலியின் மெனுப் பட்டியைத் தமிழில் மாற்றிப் பாருங்கள். ‘மீட்டெடு’ என்பதில் ஈகாரச் சுழி மேலே வெட்டுப்பட்டாலோ, ‘கோப்பு’ என்பதன் உகரம் கீழே மறைந்தாலோ, உயரத்தை ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து அளந்திருக்கிறார்கள். பிறகு ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தேடல் பெட்டிக்குள் தட்டச்சு செய்யுங்கள். எழுதும் இடத்தில் ஒழுங்காக வரும் தமிழ் தேடல் பெட்டியில் சொதப்புவது உண்டு.

நிறமும் வட்ட மூலையும் எனக்குப் பொருட்டே இல்லை.

சுன்னாகத்தான்:
நன்றி அக்கா. கேடிஇ செயலிகளில் ‘சரி’ இடப்பக்கமும் க்னோம் செயலிகளில் வலப்பக்கமும் இருக்கிறதே, அதற்கும் விதி வேண்டாமா? ஒரு செயலி ஒரு விதியில் மட்டும் தவறினால் நாங்களே திருத்தி வெளியிடலாமா?

பருத்தித்துறைப் பொடியன்:
பொத்தான் வரிசைக்கு விதி எழுதி மினக்கெட வேண்டாம். கியூட்டி என்ற இடைமுகக் கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் (கேடிஇ செயலிகள் அப்படித்தான்) பலவும் மேசைத்தளத்தைப் பார்த்துத் தாமே வரிசையை மாற்றிக்கொள்ளும். அமைப்பைச் சரியாக வைத்தால் போதும்.

திருத்தத்தைச் செயலியை எழுதுகிற மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். உங்களிடமே வைத்திருந்தால் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நீங்களே மறுபடி ஒட்டவேண்டும். 2009இல் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் ‘நூறு பேப்பர்கட்ஸ்’ என்று சில்லறைத் தொல்லைகளைத் திரட்டி, 9.10 பதிப்புக்குள் தீர்க்க முயன்றது. அந்த மாதிரி ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

கொக்குவில் ஆசிரியை:
அது சரி. ஆனால் தமிழில் தட்டச்சு செய்ய முடியாத செயலியைப் பட்டியலில் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அதை இப்போதே தள்ளுங்கள். மற்றக் குறைகளை வழுவாக (பிழையாக) மூலத் திட்டத்தில் பதிந்துவிட்டுச் செயலியைச் சேர்க்கலாம்.