மீன்கொத்திக்கு மண்கரை அமைக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் வீடு திருவையாறு பக்கம். கொல்லையை ஒட்டியே குடமுருட்டி ஓடுகிறது. அதன் செங்குத்தான மண்கரையில் வளை தோண்டி, வருஷா வருஷம் ஒரு ஜோடி வெண்தொண்டை மீன்கொத்தி குஞ்சு பொரிக்கும். வழக்கம்போல ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே எட்டுவதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். போன கோடையில் கரையைச் சரித்து கான்கிரீட் போட்டுவிட்டார்கள். வளை இருந்த இடமே இப்போது இல்லை.

பறவைகள் போகவில்லை. தை மாதத்திலிருந்து முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கத்துகின்றன. கொல்லைச் சுவரில் செங்கல் பெயர்ந்த இடத்தில் பறந்துவந்து அலகால் மோதுகின்றன. சிவந்த அலகின் நுனியில் காரைப்பொடி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. இரைக்குப் பஞ்சமில்லை. ஓணான், வெட்டுக்கிளி, வயல் நண்டு எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது.

முதலில் வண்டல் மண்ணை ஆள் உயரத்துக்குக் குவித்து முகப்பைச் செங்குத்தாக வெட்டினேன். காய்ந்ததும் வெடித்துச் சரிந்துவிட்டது. அப்புறம் மணல் கலந்து திமிசு போட்டு இறுக்கினேன். அது நிற்கிறது. கடப்பாரையால் சின்னத் துளையும் போட்டுவைத்தேன். வந்து பார்க்கின்றன, ஒரு குத்து குத்திவிட்டுப் போய்விடுகின்றன. மரப்பெட்டி மாட்டச் சொன்னார்கள். மண்ணைக் குடைந்து வாழ்கிற பறவைக்கு அது சரிப்படாது.

இப்படி மண்கரை அமைத்து மீன்கொத்தி கூடு வைத்ததைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: களியும் மணலும் என்ன விகிதத்தில் கலந்தீர்கள்?