குடும்பத்தில் முதலாவதாக மேற்படிப்புக்குச் செல்லும் மாணவிக்கு எந்த வழியைச் சொல்வது?

பிறைக்கரை (பட்டர்வொர்த், மலேசியா) கேட்டது:

வணக்கம். இங்குள்ள கோயில் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் 7 ஏ பெற்றிருக்கிறாள். தந்தை லாரி ஓட்டுநர். தாயார் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். அவர்கள் வீட்டில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவர் எவருமில்லை. சென்ற வாரம் கல்விக் கண்காட்சி ஒன்றில் தனியார் கல்லூரி முகவர் ஒருவர், இந்த வாரத்திற்குள் 500 ரிங்கிட் கட்டினால் கட்டணத்தில் கழிவு உண்டென்றும், மீதியைப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறார். கைமாற்று வாங்கியாவது கட்டிவிடத் தந்தை துடிக்கிறார். அவளுக்குக் கணக்கியலில் விருப்பம். நான் பட்டம் பெற்றது தமிழ்நாட்டில் என்பதால் இந்நாட்டுப் பல்கலைக்கழக நுழைவுமுறை எனக்குப் பழக்கமில்லை. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா ஆகியவற்றுள் எதைப் பரிந்துரைக்கலாம்?

ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியர் (கோலாலம்பூர்):

முதலில் அந்த 500 ரிங்கிட்டைத் தடுத்து நிறுத்துங்கள். இரண்டு நாள் பொறுத்தால் பறிபோய்விடும் இடம் எதுவும் 7 ஏ பெற்ற மாணவிக்குத் தேவையில்லை. அந்தப் பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் உள்ளதா என்பதை அதன் இணையத்தளத்திலேயே பெயரிட்டுத் தேடிப் பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடன் கொடுக்காது. அங்கீகாரம் இருந்தாலும், தனியார் கல்லூரிகளில் அக்கடன் முழுக் கட்டணத்தையும் ஈடுசெய்வது அரிது. எஞ்சும் தொகை எவ்வளவு என்பதைக் கல்லூரியின் கடிதத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகவர் தயங்கினால் காரணம் உங்களுக்கே விளங்கிவிடும்.

இனி, நீங்கள் கேட்ட மூன்று வழிகளைப் பார்ப்போம். ஆறாம் படிவத்திற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. தகுதி பெற்றவர்களுக்குக் கல்வி அமைச்சே இடம் ஒதுக்கும், மாணவர் அதை இணையத்தில் பார்த்து உறுதிப்படுத்தினால் போதும். ஒன்றரை ஆண்டில் மூன்று தவணைகள் (செமஸ்டர்). வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் மிகக் குறைவு. அங்கே எழுதும் எஸ்.டி.பி.எம். கடினமான தேர்வு என்பது உண்மைதான், ஆனால் ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளை மீண்டும் எழுத வாய்ப்புண்டு. மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பு ஓராண்டில் முடிந்துவிடும், அதில் கணக்கியல் பிரிவும் இருக்கிறது. ஆயினும் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதோருக்கு அங்கே ஒதுக்கப்பட்டது பத்து விழுக்காடே. 10 ஏ பெற்ற எல்லா மாணவர்களுக்கும் இடம் உண்டு என 2024இல் பிரதமர் அறிவித்தது இவளுக்குப் பொருந்தாது. விண்ணப்பித்திருந்தால் காத்திருக்கட்டும், மேல்முறையீடும் செய்யட்டும். ஆனால் அதை மட்டுமே நம்பி ஆறாம் படிவத்தை மறுத்துவிட வேண்டாம். கிடைக்காமல் போய், ஆண்டின் நடுவில் பேரங்காடியில் காசாளராக நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு.வில் அவள் விண்ணப்பித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. அதில் 12 விருப்பங்கள் வரை கொடுக்கலாம். நம் பிள்ளைகள் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களாக மூன்றை நிரப்பிவிட்டு மற்றவற்றைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. ஆகவே சீருடை இயக்கச் சான்றிதழ்கள் எந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன என்று இன்றே தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிறிய விஷயம்தான். விண்ணப்பத்தில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது? முன்கட்டண எண்ணுக்குப் பணம் ஏற்றாமல் விட்டு எண்ணே காலாவதியானதாலும், மின்னஞ்சலைத் திறந்து கொடுத்த இணையக் கடைக்காரருக்கு மட்டுமே கடவுச்சொல் தெரிந்திருந்ததாலும், வந்த இடம் கைநழுவிப் போனதை என் பணிக்காலத்தில் ஒருமுறைக்கு மேல் கண்டேன்.

செந்தூல்காரன்:

நானும் என் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பினாங்கு மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஐயா சொன்னதோடு பணத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதால் பெற்றோர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஆனால் பி.டி.பி.டி.என். பணம் கணக்கில் விழுவதற்கு முன்பே பதிவுக் கட்டணம், விடுதி, மருத்துவப் பரிசோதனை, மெத்தை விரிப்பு, பேருந்து என்று செலவுகள் வந்துவிடும். என் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தது அந்த இரண்டு வாரங்களுக்காகத்தான். குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைகள், பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவுடன் 1,500 ரிங்கிட் வரை முன்பணம் கேட்கலாம் என்பதும், பின்னர் வரும் கடனிலிருந்து அது கழிக்கப்படும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இல்லாமல் கடனுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதை இப்போதே திறந்து வைப்பது நல்லது.

லாரி ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலும் சம்பளச் சீட்டு இருப்பதில்லை. அப்படியானால் வருமான உறுதிக் கடிதத்திற்குப் பெங்குலு எனப்படும் வட்டாரத் தலைவரிடமோ உயர்நிலை அரசு அதிகாரியிடமோ கையொப்பம் வாங்க நேரும். அதற்கு ஒருநாள் வேலை போகும்.

ஜார்ஜ்டவுன் அக்கா:

அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான பொலிதெக்னிக்கை யாரும் சொல்லவில்லையே! கணக்கியல் டிப்ளோமா அங்கே இருக்கிறது. கல்விக் கட்டணம் ஒரு தவணைக்கு 200 ரிங்கிட்தான். பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பொலிதெக்னிக் பட்டர்வொர்த்துக்குப் பக்கம். வீட்டு நிலைமைக்குச் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் இதுவே நடைமுறைக்கு ஒத்தது.

ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியர்:

அம்மா சொல்வதை மறுக்கவில்லை, யு.பி.யு.வின் 12 விருப்பங்களுள் அதுவும் இடம்பெற வேண்டும். ஆனால் வறுமையைக் காட்டி, பட்டப்படிப்புக்குத் தகுதியான பிள்ளையைக் குறுகிய வழிக்குத் திருப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த முடிவை அவள் எடுக்கட்டும். நாம் அவளுக்குப் பதிலாக எடுக்க வேண்டாம்.

பிறைக்கரை:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். யு.பி.யு.வில் விண்ணப்பித்திருக்கிறாள், இரண்டே விருப்பங்களுடன். எண் அவள் மாமாவுடையது. எஞ்சும் கட்டணத்தை எழுதித் தருமாறு முகவரிடம் தந்தையே தொலைபேசியில் கேட்டார். கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னவர் இன்னும் கூப்பிடவில்லை. வெளியூருக்குப் பெண்ணை அனுப்பத் தாயாருக்கு மனமில்லை, எனவே ஆறாம் படிவத்தைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. மாணவிக்கோ மிண்டன்தான் கனவு. செந்தூல் தம்பி, முதலாமாண்டில் விடுதி எப்படியிருக்கும் என்று அந்தத் தாயாரிடம் நீங்கள் ஒருமுறை தொலைபேசியில் பேச முடியுமா?

செந்தூல்காரன்:

பேசுகிறேன் அண்ணா. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் என்றால் வசதி. என் அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன். அவர் பேசினால் இன்னும் நன்றாக இருக்கும்.